நோக்கம்: சும்மா

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி இறந்து ஐந்தாவது மாதம், அந்த அம்மாள் பெயருக்கே ஒரு கடிதம் வந்தது. 'அன்புள்ள பதிவருக்கு' என்று தொடங்கி, தங்கள் வலைப்பதிவு புதுப்பிக்கப்படாமல் கிடப்பது வாரியத்துக்கு ஆழ்ந்த வருத்தம் அளிக்கிறது என்று சொல்லி, அறுபது நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அது அடியோடு அழிக்கப்படும் என்று அதே அன்போடு முடித்திருந்தது. கீழே தனிநபர் வலைப்பதிவு நெறிப்படுத்தும் வாரியத்தின் முத்திரை. முத்திரையில் ஒரு பேனா, பேனாவுக்கு மேலே ஒரு பூட்டு.

மனைவி துணி ஆல்ட்ரேஷன் கடை வைத்திருந்தார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு தையல் மெஷினும் ஒரு ஸ்டூலும் வாடிக்கையாளர் நிற்க இரண்டடி இடமும் உள்ள கடை. புதுத் துணி தைப்பதில்லை. இருக்கிறதைப் பிடிப்பது, தளர்த்துவது, கிழிசலை மூடுவது, ஜிப் மாற்றுவது, இவ்வளவுதான். ஒன்பது வருஷமாக அந்தக் கடையில் உட்கார்ந்தபடியே வலைப்பதிவும் எழுதினார். அதற்குப் பெயர் 'கொஞ்சம் லூஸ் பண்ணிக் கொடுங்க'.

அவர் எழுதுகிறார் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். படித்ததில்லை. தையல் குறிப்பு ஏதாவது இருக்கும், நமக்கெதற்கு என்று இருந்துவிட்டார். ஒரே ஒரு தடவை, "இதெல்லாம் எதுக்கு எழுதற?" என்று கேட்டார். மனைவி பல்லால் நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, "சும்மாதான்," என்றார். மெக்கானிக்குக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

கடிதம் வந்த அன்று மகள் கூரியர் ஆபீசிலிருந்து வந்ததும் அம்மாவின் போனுக்குச் சார்ஜ் போட்டு வலைப்பதிவைத் திறந்தாள். முதல் காரியமாக, வெளியாகியிருந்த நானூற்றுப் பதினோரு பதிவுகளையும் எடுத்துப் பத்திரப்படுத்தினாள். பிறகு ஓரத்தில் சின்னதாக இருந்ததைப் பார்த்தாள். 'வரைவுகள்: 1.'

"அப்பா, அம்மா அன்னிக்கு ஏதோ எழுதியிருக்காங்க."

"என்னிக்கு?"

மகள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். தேதியும் நேரமும் இருந்தன. முற்பகல் பதினொன்று இருபது. அன்று மாலை நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியில் மனைவி போய்விட்டார். தொட்டுப் பார்த்தால், 'பதிவு புதுப்பிக்கப்பட்ட பிறகே வரைவைத் திறக்க இயலும்' என்று வந்தது. மகள் நாலு விதமாக முயன்றாள். நாலு தடவையும் அதே வாக்கியம் அதே பணிவோடு வந்தது.

மறுநாள் மெக்கானிக் லீவு போட்டுவிட்டு வாரியத்துக்குப் போனார்.

ஆறு மாடிக் கட்டடம். லிஃப்ட் கதவில் 'தற்காலிகமாக இயங்காது' என்று எழுதி, அந்தத் தாளுக்குக் கண்ணாடிச் சட்டமும் போட்டிருந்தார்கள். மெக்கானிக் கதவில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே ரிலே ஸ்விட்ச் டக்கென்று விழுந்து, மறுபடி எழுந்தது. மூன்றாவது மாடிக் கதவுப் பூட்டில் தொடர்பு விட்டுப் போயிருக்கிறது, கால் மணி நேர வேலை. வாயிற்காவலரிடம் சொன்னார்.

"நீங்க யாரு?" என்றார் காவலர்.

"லிஃப்ட் மெக்கானிக்."

"இங்க எதுக்கு வந்தீங்க?"

"ஒரு மனு கொடுக்க."

"அப்ப நீங்க மனுதாரர்," என்று காவலர் பொறுமையாக விளக்கினார். "மெக்கானிக் வருவாரு. ரெண்டு வருஷமா எதிர்பார்த்துட்டுத்தான் இருக்கோம்."

தரைத்தளக் கவுன்ட்டரில் இருந்த பெண் கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"பதிவர் நேர்ல வரணும் சார்."

"அவங்க இறந்துட்டாங்கம்மா."

அந்தப் பெண்ணின் விரல்கள் விசைப்பலகைமேல் ஒரு கணம் நின்றன. முகத்தில் உண்மையிலேயே வருத்தம் தெரிந்தது. "அப்ப செயல்படாப் பதிவர்," என்று சொல்லி, நீல நிறப் படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

ஏழாவது கேள்வி, செயல்படாமைக்கான காரணம். சோம்பல், தலைப்புப் பஞ்சம், வாசகர் ஆதரவின்மை, பிற என்று நான்கு கட்டங்கள். மெக்கானிக் 'பிற' என்பதில் குறியிட்டார். எட்டாவது கேள்வி, மீண்டும் எழுதத் தொடங்கும் உத்தேசத் தேதி.

"இதுல என்னம்மா எழுதறது?"

"காலியா விட்டா சிஸ்டம் எடுக்காது சார்."

"அவங்க இறந்துட்டாங்கன்னு சொன்னேனே."

"சொன்னீங்க சார். உத்தேசம்தானே கேக்கறாங்க. உத்தேசமா ஒரு தேதி போடுங்க."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. மெக்கானிக் மனைவியின் பிறந்த நாளைப் போட்டார். அது ஏழு மாதம் தள்ளி இருந்தது. அவ்வளவு நாள் கொடுத்தால் போதுமா என்று ஒரு நொடி மனசுக்குள் கணக்குப் போட்டார். படிவத்தைத் தள்ளினார். கவுன்ட்டர் பெண், "மூணாவது மாடி, நோக்கப் பிரிவு," என்றார்.

நோக்கச் சரிபார்ப்பு அலுவலர் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்த நடுத்தர வயதுப் பெண்மணி. மேசைமேல் ஒரு பொட்டுத் தூசி இல்லை. சுவரில் 'ஏன் எழுதுகிறோம் என்று தெரிந்துகொண்டு எழுதுவோம்' என்று பெரிய எழுத்தில் மாட்டியிருந்தது.

"உங்க மனைவி விண்ணப்பத்துல நோக்கம்ங்கற இடம் ஒன்பது வருஷமா காலி. எப்படி விட்டாங்கன்னே தெரியல. எதுக்காக எழுதினாங்க?"

"கேட்டேன் மேடம். சும்மான்னு சொன்னா."

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். "வாரியம் ஒத்துக்கிட்ட நோக்கம் அஞ்சு. புகழ், வருமானம், நிபுணத்துவம், சமூக சேவை, மனநலம். சும்மா அதுல இல்ல."

"வேற ஒண்ணும் சொல்லலையே அவ."

"சும்மாவைப் பத்தி ஆராய ஒரு துணைக்குழுவே போட்டோம். பதினெட்டு மாசம் கூடினாங்க."

"என்ன முடிவு பண்ணினாங்க?"

"முடிவு ஒண்ணும் பண்ணல. கூடினாங்க." அலுவலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இத பாருங்க, மனுஷங்க காரணம் இல்லாம ஒரு காரியமும் செய்யறதில்ல. என்னையே எடுத்துக்கோங்க. இந்த வேலைக்கு ஏன் வந்தேன்? சம்பளம். ஏன் விட்டுட்டுப் போகல? ஓய்வூதியம். ஏன் பத்து மணிக்கு வரேன்? வருகைப் பதிவேடு. மத்தியானம் ஏன் வெளிய ஒரு நடை போறேன்? டாக்டர் சொன்னாரு. இருபத்தாறு வருஷத்துல நான் காரணம் இல்லாம ஒரு நிமிஷம் இருந்ததில்ல. அப்படி இருக்கறவங்கள எந்தக் கட்டத்துல போடறது, சொல்லுங்க."

மெக்கானிக் சுவரில் மாட்டியிருந்த வாக்கியத்தை இன்னொரு தடவை படித்தார்.

பிறகு அலுவலர் கணினியில் வலைப்பதிவைத் திறந்தார். விதிப்படி, நோக்கம் தெளிவில்லாத பதிவுகளை உரியவர் முன்னிலையில் வாசித்து அதிலிருந்து நோக்கத்தைப் பிரித்தெடுக்க வேண்டுமாம். ரயில் நிலைய அறிவிப்பு போன்ற குரலில் வாசிக்கத் தொடங்கினார்.

"'பள்ளிக்கூடப் பாவாடையை இறக்கித் தைக்க வருஷா வருஷம் ஒரு அம்மா வருவார். ஒவ்வொரு வருஷமும் மடிப்பைப் பிரித்து ஓர் அங்குலம் விடுவேன். இந்த வருஷம் பிரித்துப் பார்த்தால் மடிப்பில் துணியே மிச்சம் இல்லை. அந்த அம்மா பாவாடையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். நானும் மெஷினை ஓட்டாமல் இருந்தேன்.' அவ்வளவுதான். முடிஞ்சுபோச்சு. இதுல வாசகருக்கு என்ன பயன்?"

"தெரியல மேடம்."

"அடுத்தது. 'இவர் பேன்ட் இடுப்பை இந்த வருஷம் இரண்டு தடவை பிடித்துவிட்டேன். சொன்னால் டாக்டரிடம் போக மாட்டார், என்னைத்தான் கேலி செய்வார். அதனால் சொல்லாமல் பிடித்து மாட்டி வைத்தேன். சாப்பாட்டில் ஒரு கரண்டி கூடப் போட்டேன். அதையும் கண்டுபிடிக்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் பிடித்ததைத் தளர்த்தினேன். அன்று கடையைச் சீக்கிரம் மூடிவிட்டேன்.' இவர்ங்கறது யாரு?"

மெக்கானிக்கின் கை தானாகப் பேன்ட் இடுப்புக்குப் போனது. உள்பக்கம் தையலை விரலால் தடவினார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தையல் தடம் தட்டுப்பட்டது.

"யாருன்னு கேட்டேன்."

"நான்தான் மேடம்."

"இது மனநலத்துலயும் வரல, நிபுணத்துவத்துலயும் வரல," என்று அலுவலர் தமக்குள் பேசிக்கொண்டார். பன்னிரண்டு பதிவுகள் வாசித்தார். மனைவி எழுதிய ஒன்பது வருஷமும் ஒரே வீட்டில் இருந்தும் கேட்காததை மெக்கானிக் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு சர்க்கார் குரலில் கேட்டார். கடைசியில் அலுவலர், 'தற்காலிக நோக்கம்: சமூக சேவை (உடை சார்ந்தது)' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அன்று வீட்டுக்குப் போனதும் மெக்கானிக் முதல் பதிவிலிருந்து படிக்க ஆரம்பித்தார். மகள் சமைத்து வைத்துக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. ஒரு பதிவில் சிரித்தார். என்னப்பா என்று கேட்டதற்கு, "என்னைப் பத்தித்தான்," என்றார்.

அடுத்த வாரம் ஐந்தாவது மாடி, கருவிகள் பிரிவு. அங்கே ஆய்வாளர் சுறுசுறுப்பான மனிதர். போனை ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்துக் கையுறை போட்டுக்கொண்டு பார்த்தார்.

"திரை உடைஞ்சிருக்கே?"

"கத்தரிக்கோல் விழுந்தது சார்."

"எந்த விரலால தட்டச்சு செய்வாங்க?"

"இடது கட்டைவிரல். வலது கை மெஷின் சக்கரத்துல இருக்கும்."

"நாற்காலி?"

"ஸ்டூல்."

"விளக்கு?"

"மெஷின்ல இருக்கற லைட்டுதான்."

"தலைப்புக்கு என்ன மென்பொருள்? மாதாந்திரத் திட்ட அட்டவணை? வாசகர் வளர்ச்சி வரைபடம்?"

"சார், அவ ஒரு பேன்ட்டுக்கும் இன்னொரு பேன்ட்டுக்கும் நடுவுல எழுதுவா."

ஆய்வாளர் எழுதுவதை நிறுத்தி அவரை அனுதாபத்தோடு பார்த்தார். "கருவியே இல்லாம நானூத்திப் பதினொண்ணு. சந்தேகத்துக்கு இடமா இருக்கு சார். தப்பா நினைக்காதீங்க. நாங்க முழுத் தளவாடமும் கொடுத்து உருவாக்கின பதிவர்கள் இருக்காங்க. சுழலும் நாற்காலி, வளைய விளக்கு, ரெண்டு திரை, சத்தம் வராத அறை. சராசரியா ஆளுக்கு மூணு பதிவு எழுதியிருக்காங்க. அதுல ரெண்டு, நாற்காலியைப் பத்தி."

அறிக்கையில் 'கருவிப் பற்றாக்குறை, கடுமையானது' என்று எழுதினார். குறையைச் சரிசெய்ய, பதிவரோ அவர் சார்பில் ஒருவரோ மூன்று நாள் பயிற்சிக்கு வர வேண்டும்.

மெக்கானிக் மறுபடி லீவு போட்டார். பயிற்சி அறையில் இருபது பேர் இருந்தார்கள். பயிற்சி கொடுத்தவர் அதே ஆய்வாளர்தான். முதல் நாள் தலைப்பு. இரண்டாம் நாள் தலைப்பில் எண் சேர்ப்பது. மூன்றாம் நாள் வாரியத்தின் சொந்தத் தயாரிப்பான 'பூர்த்தி' என்ற மென்பொருள்.

"நீங்க ஒரு வரி கொடுத்தாப் போதும்," என்றார் ஆய்வாளர். கண் பளபளத்தது. "அது அறுநூறு வார்த்தை கொடுக்கும். அரைகுறையா எது கிடந்தாலும் முடிச்சு வச்சிடும். எழுதறவங்களுக்கு எழுதற தொல்லையே இருக்கக் கூடாது. அதுதான் எங்க வாரியத்தோட கனவு. படிக்கறவங்களோட தொல்லையைக் குறைக்கவும் ஒண்ணு தயாராகிட்டு இருக்கு."

பிறகு ஆளுக்கு ஒரு சோதனைப் பதிவு எழுதச் சொன்னார்கள். மெக்கானிக் பள்ளிக்கூடம் விட்ட பிறகு கையெழுத்தையும் சர்வீஸ் ரிப்போர்ட்டையும் தவிர எதுவும் எழுதியதில்லை. நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நாலு வரி தட்டினார்.

'என் மனைவி ஒன்பது வருஷம் எழுதினாள். நான் ஒன்றுகூடப் படிக்கவில்லை. நேரம் இல்லை என்று சொல்வேன். நேரம் இருந்தது.'

ஆய்வாளர் குனிந்து படித்தார். "நல்லா இருக்கு சார். ஆனா பாதியில நிக்குது பாருங்க." பூர்த்தியை ஓட்டினார். திரையில், 'மனைவியின் பதிவைப் படிக்காத கணவர்கள் செய்யும் ஏழு தவறுகள்' என்ற தலைப்பில் மடமடவென்று எழுத்து இறங்கியது. மெக்கானிக் ஏழையும் படித்தார். ஐந்தாவது தவறை அவர் உண்மையிலேயே செய்திருந்தார்.

பயிற்சி முடிந்து படியிறங்கும்போது மூன்றாவது மாடித் திருப்பத்தில் நோக்க அலுவலர் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். கைப்பிடியைப் பிடித்தபடி, யாராவது வருகிறார்களா என்று மேலும் கீழும் பார்த்தார்.

"அந்தப் பேன்ட் இடுப்பைப் பிடிச்ச பதிவு," என்றார் மெதுவாக. "வீட்டுல போய் இன்னொரு தடவை படிச்சேன். என் வீட்டுக்காரருக்கும் படிச்சுக் காட்டினேன்."

"எதுக்கு மேடம்?"

அலுவலர் வாயைத் திறந்தார். காரணம் ஒன்றும் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "அலுவல் நிமித்தமா," என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

இதற்கிடையில் மெக்கானிக்குக்குத் தெரியாமல் ஒரு காரியம் நடந்தது. 'கொஞ்சம் லூஸ் பண்ணிக் கொடுங்க' என்ற வலைப்பதிவுக்கு ஒன்பது வருஷமாகத் தினம் நாலு பேர் வந்துகொண்டிருந்தார்கள். விண்ணப்பம் போன பிறகு நோக்கப் பிரிவு திறந்து பார்த்தது. கருவிகள் பிரிவு திறந்து பார்த்தது. நோக்கப் பிரிவு சரியாகப் பார்த்ததா என்று தணிக்கைப் பிரிவு பார்த்தது. தணிக்கையின் பார்வையை மேற்பார்வைப் பிரிவு பார்த்தது. ஆறாவது மாடியில் இருந்த புள்ளிவிவரப் பிரிவு, யாரோ ஒரு பதிவரின் வாசகர் எண்ணிக்கை ஐம்பதே நாளில் நாலிலிருந்து தொள்ளாயிரத்துக்கு ஏறியிருப்பதைக் கண்டுபிடித்துத் தலைவருக்குக் குறிப்பு அனுப்பியது. அந்தத் தொள்ளாயிரமும் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது என்று குறிப்பில் இல்லை.

தலைவர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. உங்கள் மனைவி இந்த ஆண்டின் வளர்ச்சிப் பதிவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார், வாழ்த்துகள், குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்றார்கள்.

"பரிசெல்லாம் வேண்டாங்க," என்றார் மெக்கானிக். "அந்த வரைவைத் திறந்து கொடுத்தாப் போதும்."

"அதுவும் உண்டு சார். தலைவரே அதுக்குத் தனியா உத்தரவு போட்டிருக்காரு."

மெக்கானிக் அன்று சலவைக்குப் போட்டிருந்த நல்ல சட்டையை ஓடிப்போய் வாங்கி வந்தார். மகளிடம், "கொடுத்துடுவாங்களாம்," என்று மூன்று தடவை சொன்னார்.

விழா தரைத்தள அரங்கில் நடந்தது. பிரிவுக்குப் பத்துப் பேர் வீதம் ஊழியர்களை வரவழைத்து இருக்கைகளை நிரப்பியிருந்தார்கள். தலைவர் பருமனான, கனிவான மனிதர். மைக்கைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"நண்பர்களே, இந்தச் சகோதரியின் பதிவுகளை நான் படித்ததில்லை. இதைப் பெருமையோடு சொல்கிறேன். படித்தால் பிடித்துப்போகும், பிடித்தால் பாரபட்சம் வரும். பதினோரு ஆண்டுகளாக நான் எந்தப் பதிவையும் படிக்காமல் நடுநிலை காத்து வருகிறேன். இந்த வாரியம் தொடங்கியபோது நாட்டில் நாலு லட்சம் பேர் கட்டுப்பாடில்லாமல், நோக்கமில்லாமல், தோன்றினால் எழுதிக்கொண்டிருந்தார்கள். இன்று முறையாக எழுதுகிறவர்கள் மூவாயிரம் பேர் இருக்கிறார்கள். நமது ஊழியர்களும் மூவாயிரம் பேர். ஒரு பதிவருக்கு ஓர் ஊழியர். இப்படி ஒரு கவனிப்பு எழுத்துக்கு எந்தக் காலத்தில் கிடைத்தது? இந்தச் சகோதரி செயல்படாமல் இருக்கும் நிலையிலும் இவ்வளவு வளர்ந்திருக்கிறார். செயல்படுகிற மற்றவர்கள் இதைப் பாடமாகக் கொள்ள வேண்டும்."

கைதட்டினார்கள். நோக்க அலுவலர் மூன்றாவது வரிசையில் கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு மகிழ்ச்சியான செய்தி," என்றார் தலைவர். "அவர் ஒரு வரைவை அரைகுறையாக விட்டுச் சென்றிருந்தார். முடிக்காத எழுத்து நமது வாரியத்துக்கு ஒரு கறை. நமது பொறியாளர்கள் அதைப் பூர்த்தி செய்து கொடுத்திருக்கிறார்கள்."

திரை விலகியது. கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு முழுப்பக்கம். 'மருத்துவமனையிலும் மகிழ்ச்சி: நோயாளிகளுக்கு ஐந்து எளிய வழிகள்.'

மெக்கானிக் மேடைக்குப் போய் அதை வாங்கினார். போட்டோ எடுத்தார்கள். கூட்டம் கலைந்ததும் அவர் ஆய்வாளரைத் தேடிப் பிடித்தார்.

"சார், இதுல அவ எழுதினது எது?"

"எல்லாமே அவங்க பெயர்லதான் சார் இருக்கு."

"அவ எழுதினது எவ்வளவு?"

"ரெண்டு மூணு வரி இருந்திருக்கும். சுமாராத்தான் இருந்துதாம்."

"அந்த ரெண்டு மூணு வரியை மட்டும் கொடுங்க சார். இது வேண்டாம்."

ஆய்வாளருக்கு நிஜமாகவே புரியவில்லை. "முழுசு வந்த பிறகு மூலத்தை வச்சிருக்க மாட்டோம் சார். இடத்தை அடைக்கும். நெசவு முடிஞ்ச பிறகு நூல்கண்டைத் தேடினா எப்படி?" மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உள்ளதான் சார் இருக்கும். அது எதையும் வீணாக்காது. எங்கயாவது சேத்திருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலை மெக்கானிக் சட்டத்தைக் கழற்றித் தாளை வெளியே எடுத்துச் சமையலறை மேசையில் விரித்தார். மகள் பென்சில் கொண்டுவந்தாள். இதற்குள் அவர் நானூற்றுப் பதினொன்றையும் இரண்டு சுற்றுப் படித்து முடித்திருந்தார். மனைவி எந்தச் சொல்லை எழுதுவார், எதை எழுத மாட்டார் என்று அவருக்கு இப்போது தெரியும்.

"'நேர்மறைச் சிந்தனை நமது உடலின் சிறந்த மருத்துவர்,'" என்று மகள் வாசித்தாள்.

"அவ இல்ல." கோடு போட்டார்.

"'காலையில் எழுந்ததும் கண்ணாடியைப் பார்த்துப் புன்னகை செய்யுங்கள்.'"

"அந்த வார்டுல கண்ணாடி கிடையாது."

"'செவிலியர்களிடம் நன்றி சொல்லப் பழகுங்கள்.' இது அம்மாவா இருக்குமோ?"

மெக்கானிக் யோசித்தார். "சொல்லுவா. ஆனா எழுத மாட்டா." அதன்மேலும் கோடு விழுந்தது.

முதல் வழி போயிற்று. இரண்டாவது, மூன்றாவதும் போயின. தாளில் பாதிக்குமேல் பென்சில் கோடுகளாக இருந்தது. "ஒண்ணுமே இருக்காது போலப்பா," என்றாள்.

"படி."

"நாலாவது. 'உங்கள் படுக்கை வேறு இடத்துக்கு மாற்றப்பட்டால் உறவினர்களுக்கு முன்கூட்டியே தெரியப்படுத்துவது நன்று. இல்லையேல் பழைய கட்டில் காலியாக இருப்பதைக் கண்டு அவர்கள் அச்சமடையக்கூடும். வாயிலில் இருப்பவரிடம் சொல்லி வைப்பது சிறந்த வழி.' அஞ்சாவது, போதுமான தண்ணீர் அருந்து..."

"இரு."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கையிலிருந்த பென்சில் தாளில் படாமல் நின்றிருந்தது.

"திரும்பப் படி, நாலாவதை."

மகள் படித்தாள். மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"என்னப்பா?"

அவர் எழுந்துபோய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்குப் பன்னெண்டரை மணிக்குப் போனேன். கதவோரக் கட்டில்தானே அவளுக்கு. நேரா அங்க போனேன். கட்டில் காலி. விரிப்பையும் எடுத்திருந்தாங்க. கம்பியைப் பிடிச்சுட்டு அப்படியே நின்னுட்டேன். யாரையும் கூப்பிட வாய் வரல. எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. அப்புறம் ஒரு நர்ஸ் வந்து, ஜன்னல் பக்கம் மாத்தியிருக்கோம்னு காட்டினாங்க. போய்ப் பாத்தா தூங்கிட்டு இருந்தா. பக்கத்துல உக்காந்துட்டேன். அப்புறம் அவ எழுந்திருக்கவே இல்லையே."

"இதை நீங்க சொன்னதே இல்லையேப்பா."

"யார்கிட்டயும் சொல்லல. பயந்ததை என்னன்னு சொல்றது."

மகள் தாளைப் பார்த்தாள். பதினொன்று இருபதுக்கு அம்மா ஒற்றைக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருந்தது இப்போது அவளுக்கும் தெரிந்தது. மெக்கானிக் தாளைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டு, விளிம்பில் காலியாக இருந்த இடத்தில் மெதுவாக, எழுத்துக்கூட்டி எழுதினார்.

'கட்டிலை மாற்றிவிட்டார்கள். இவர் வந்து காலிக் கட்டிலைப் பார்த்துப் பயந்துவிடப் போகிறார். வாசலிலேயே யாராவது சொல்லிவிட்டால் தேவலை.'

"இப்படித்தான் எழுதியிருப்பா," என்றார்.

மகள் தலையாட்டினாள். அவர் இன்னும் அந்த மூன்று வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் சொல்லல," என்றார் பிறகு, மகளிடம் இல்லை, தாளிடம். "பயந்துதான் போனேன்."